படம் போட்ட சீட்டும் படமில்லாச் சீட்டும்

சோதிடத்திலும் குறி கேட்பதிலும் எமக்கு நம்பிக்கை இல்லை. கல்லூரியிற் சரித்திரம் கற்பிப்பவர்களுக்கு, நடந்து முடிந்ததைச் சரியாக அறிவதே எத்துணைக் கடினம் என்பது தெரியும். ஆதலால், நடக்கப்போவதை ஐந்து நிமிடத்தில் அறிவிப்பவரிடத்தில் எமக்கு மதிப்புக் குறைவாயிருப்பது வியப்பன்று. இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனெனில் இனி எழுதப்போவது முழுவதும் குறிச்சீட்டுகளைப் பற்றியது. வாசகர்கள், ஆசிரியருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என ஐயுறலாகாது.

சென்ற மார்கழியில் அட்டனில் உள்ள எமது வீட்டு மேசையின்மேல் இரண்டு சீட்டுக்கட்டுகள் வந்து சேர்ந்தன. ஒன்று, எம் மகள் கொழும்பிலிருந்து வாங்கி வந்தது. உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டு வீட்டிலிருந்தவள், தோழியர் கூட்டத்தில் இந்த மோகத்தைப் பற்றிக்கொண்டாள். மற்றது, பாரிஸ் நகரில் வாழும் எம் மைத்துனர் ஊருக்கு வந்தபோது அவளுக்கென்று கொண்டுவந்த அன்பளிப்பு. “கடதாசிக் கட்டு இருக்கிற வீட்டிலே லட்சுமி தங்க மாட்டாள்” என்று எம் மனைவி முணுமுணுத்தார். வெளியே மழையும் பனிமூட்டமுமாய் இருந்த அந்நாட்களில் எமக்கும் வேறு வேலை இல்லாதபடியால், இரண்டையும் விரித்துப் பார்க்க உட்கார்ந்தோம்.

இச்சீட்டுகளுக்கு டாரட் என்று பெயர். கட்டு ஒன்றுக்கு 78 சீட்டுகள். அவற்றுள் 22 பெரிய சீட்டுகள்: மூடன், மந்திரவாதி, தலைகீழாய்த் தொங்குபவன், மரணம், சூரியன் என்று பெயரும் உருவமும் உடையவை. எஞ்சிய 56 சீட்டுகள் சிறியவை. நாம் விளையாடும் கடதாசியில் ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என்று நான்கு சாதி இருப்பதுபோல, இவற்றிலும் கிண்ணம், காசு, தடி, வாள் என நான்கு உண்டு. அரசன், அரசி, குதிரைவீரன், பணியாள் எனும் நால்வரையும் நீக்கினால், ஒவ்வொரு சாதியிலும் ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள், ஆக நாற்பது. இந்த நாற்பதில்தான் இரண்டு கட்டுகளும் வேறுபட்டன.

பாரிஸிலிருந்து வந்தது மார்செய் என்னும் பழைய மாதிரியைச் சேர்ந்தது. அதில் ஐந்து கிண்ணச் சீட்டை எடுத்தால் ஐந்து கிண்ணங்கள். இடையே கொஞ்சம் பூவும் கொடியும். அவ்வளவுதான். மகள் வாங்கியதில் அதே சீட்டில், கறுப்புப் போர்வை போர்த்த ஒருவன் தலைகுனிந்து நிற்கிறான். அவன் முன்னே மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. அவன் பார்க்காத பின்புறத்தில் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. மூன்று வாள் சீட்டில் ஓர் இதயத்தை மூன்று வாள்கள் ஊடுருவுகின்றன. எட்டுக் காசுச் சீட்டில் ஒரு தொழிலாளி விசுப்பலகையில் அமர்ந்து காசுகளைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். நாற்பது சீட்டுக்கும் நாற்பது காட்சிகள்.

எது பழையது என்ற கேள்வி எமக்குள் எழுந்தது. தொழில் தோஷம்! தேடிப் படித்தோம். எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்கியர் காலத்துச் சீட்டுகள் சில இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனையில் இருக்கின்றன. அவற்றிலும் கிண்ணம், காசு, வாள் உண்டு. நான்காவது, குதிரைமேலிருந்து பந்தாடும் போலோ மட்டை. அவ்விளையாட்டை அறியாத ஐரோப்பியர் மட்டையைத் தடியாக்கிக்கொண்டார்கள். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் அந்நான்கு சாதிகளோடு படச்சீட்டுகளையும் சேர்த்து டாரட் உண்டாயிற்று. அதுவும் குறி பார்ப்பதற்கன்று, பிரபுக்கள் ஆடுவதற்கு. 1781இல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சு அறிஞர், இது எகிப்தியரின் ஞானநூல் எனத் தம் புத்தகத்தில் எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தை சம்பொல்லியோன் வாசிக்கக் கண்டதோ 1822இல்! வாசிக்கத் தெரியாத மொழிக்கு நாற்பது ஆண்டு முன்னரே பொருள் சொல்லிவிட்டார். அதே காலத்தவரான அலியெத் என்பவர், தம் பெயரின் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாக எழுதி எத்தெய்யா எனப் புனைபெயர் சூடி, சீட்டுகளின்மேல் பொருட்சொற்களையே அச்சிட்டு விற்றார். படமில்லாச் சீட்டை மனத்திலிருத்துவது சிரமம் என்பதை வியாபாரி முதலில் உணர்ந்திருக்கிறார்.

படம் போட்டுத் தீர்த்தவர் ஒரு பெண்மணி. 1909இல் இலண்டனில் ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவர் திட்டம் சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் சில மாதங்களிலேயே கட்டு முழுவதையும் வரைந்து முடித்தார். இத்தாலியின் பழைய சோலா புஸ்கா கட்டில் எண் சீட்டுகளுக்கும் உருவங்கள் உண்டு. அதன் புகைப்படங்கள் 1907இல் இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்திருந்தன. வாள் துளைத்த இதயம் அங்கும் இருக்கிறபடியால், அம்மையார் அதைப் பார்த்திருக்கவேண்டும் என்பர். வேலை பெரிது, கூலி சிறிது என்று அவர் ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். 1951இல் அவர் கடனாளியாகவே மறைந்தார். கட்டுக்கு வெளியீட்டாளர் பெயரும் வெயிட்டின் பெயரும் நெடுங்காலம் வழங்கின. வரைந்தவர் பெயரோ சீட்டின் மூலையில் சிறு முத்திரையாய் மட்டும் நின்றது. தேயிலைப் பெட்டியின்மேல் யார் பெயர் இருக்கும், யார் பெயர் இராது என்பதை அறிந்த எம் ஊரார்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

சரி, குறி பார்க்க எது நல்லது? தகப்பனுக்கும் மகளுக்கும் வாதம் மூண்டது. “படமில்லாவிட்டால் என்னத்தை வாசிப்பது, அப்பா? ஆறு வாள் என்றால் ஆறு வாள். அதற்கு மேலே என்ன?” என்றாள் அவள். நாம் படமில்லாக் கட்டின் பக்கம் நின்றோம். ஆசிரியர் விடுதியில் ஆடும் 304 ஆட்டத்தை எடுத்துக்காட்டினோம். அதில் அரசனுக்கு 3 புள்ளி, அரசிக்கு 2. வெறும் 9 என்னும் சீட்டுக்கோ 20! ஜாக்கிக்கு 30. சாதிக்கு 76 ஆக, நான்கு சாதிக்கு 304. ஒன்பது புள்ளி அச்சிட்ட கடதாசி ஓர் அரசனை வெட்டுகிறதென்றால், அந்த வலிமை கடதாசியில் இல்லை. ஆடுவோர் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையில் இருக்கிறது. படமில்லாச் சீட்டை வாசிப்பவரும் அவ்வாறே எண்ணின் குணத்தையும் சாதியின் குணத்தையும் கூட்டி, அயலில் விழுந்த சீட்டுகளையும் பார்த்து, தாமே பொருளைக் கட்ட வேண்டும். அவருக்கு உழைப்பு உண்டு. படச்சீட்டோ பொருளைச் சமைத்தே வைத்திருக்கிறது. கேட்பவர் வாயைத் திறந்தால் போதும்.

நம்மவரிடையேயும் இவ்விரு வழிகளும் உள்ளனவே. பாரதத்தின் பழைய கஞ்சிபாச் சீட்டுகளில், தசாவதாரக் கட்டு 120 வட்டச் சீட்டுகள் கொண்டது. பத்து அவதாரத்துக்கும் அரசன், மந்திரி என்ற இருவருக்கு மட்டுமே உருவம். மற்றவற்றில் மீன், ஆமை, சங்கு என்று சின்னத்தை எண்ணிப் போட்டிருப்பார்கள். பஞ்சாங்கத்தின் பின்பக்கத்திலுள்ள சீதை சக்கரத்தில் கண்ணை மூடி விரல் வைத்தால் கிடைப்பது வெறும் எண். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதில் எண்ணுங்கூட இல்லை. பொட்டலத்தில் வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா, அவ்வளவுதான். படத்துக்கோ கிளி இருக்கிறது.

சம்பளத்துக்கு மறுநாளும் தேர்த் திருவிழாவிலும் தோட்டத்துக்கு வரும் கிளிச் சோதிடக்காரரை நாம் சிறுவயதில் கண்டதுண்டு. கூண்டின் கதவைத் திறந்தால் கிளி தத்தித் தத்தி வந்து, அடுக்கிய உறைகளை ஒவ்வொன்றாய் அலகால் தள்ளி, ஒன்றைக் கவ்விக் கொடுக்கும். ஒரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் போகும். நட்சத்திரக் கணக்கில் 27 உறைகள் என்பார்கள். வள்ளி தெய்வானையுடன் முருகன், மலை தூக்கும் அனுமன், இராமர் பட்டாபிஷேகம், சுடலை காக்கும் அரிச்சந்திரன். புத்தரும் மாதாவுங்கூடச் சில கட்டுகளில் உண்டு. (கிளியின் ஞானத்துக்கும் எல்லை உண்டு. சிங்கப்பூரில் புகழ்பெற்ற மணி என்னும் கிளி, 2010 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் பல வெற்றிகளைச் சரியாகக் காட்டிவிட்டு, இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்தின் சீட்டை எடுத்தது. வென்றது ஸ்பெயின். இந்தியாவில், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம்.)

இவ்வளவும் வேடிக்கைப் பேச்சாகவே இருந்தது. ஒரு நாள் இரவு மகள் உண்மையான கேள்வியொன்றைக் கேட்டாள்.

ஜெர்மனியில் தாதியர் பயிற்சிக்குப் போக அவளுக்கு ஆசை. படிவம் ஒரு வாரமாய் மேசைமேல் நிரப்பப்படாமல் கிடந்தது. 2022இன் நெருக்கடிக்குப் பின்னர் எம் மாணவரில் எத்தனையோ பேர் இப்படிப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு நற்சான்றுப் பத்திரம் எழுதிக் கொடுத்த கைதான் இது. ஆயினும் தன் மகள் என்றதும் நாம் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பொறுக்காமற்றான் பிள்ளை சீட்டைக் கேட்டது போலும். தன் படக்கட்டைக் கலைத்து ஒன்றை இழுத்தாள்.

ஆறு வாள்.

அச்சீட்டில் ஓர் ஓடம். ஓடக்காரன் எமக்கு முதுகைக் காட்டி நின்று கோல் ஊன்றுகிறான். அவன் முன்னே முக்காடிட்ட ஒரு பெண் குனிந்து அமர்ந்திருக்கிறாள். அவள் அருகில் ஒரு குழந்தை. முன்பக்கத்தில் ஆறு வாள்கள் குத்தி நிற்கின்றன. ஓடத்தின் ஒருபுறம் நீர் அலைகிறது, மறுபுறம் அசைவில்லை. எதிர்க்கரை தெரிகிறது. ஒருவர் முகமும் தெரியவில்லை. ஒப்புநோக்குவதற்காக மார்செய்க் கட்டிலும் அதே சீட்டைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். வளைந்த ஆறு வாள்கள். நடுவில் ஒரு பூ.

எமது அப்பாயிக்கு வயது 86. கண் இன்னும் நன்றாய்த் தெரிகிறது. எழுத்து அறியார். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். அடுப்படியிலிருந்து வந்து கதிரையில் உட்கார்ந்தவர் இரண்டு சீட்டையும் பார்த்தார். வாளும் பூவும் உள்ளதை ஒரு தடவை பார்த்துத் தள்ளிவிட்டார். மற்றதைக் கையிலெடுத்து விளக்கின் அருகே பிடித்தார்.

“இது தலைமன்னாரு” என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். அப்பாயி சிரிக்கவில்லை. “ஒத்தப் பிள்ளதானே இருக்கு. சின்னது எங்க?” என்று எம்மைக் கேட்டார்.

அதன் பின்னரே கதை வெளிவந்தது. அவருக்கு ஒரு தங்கை இருந்தார் என்பது எமக்குத் தெரியும். இந்தியாவுக்குப் போனவர் என்பதும் தெரியும். அதற்கு மேல் வீட்டில் எவரும் பேசியதில்லை.

வகுப்பில் நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் கணக்கு இது. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மீதி 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்ற ஒரு கேள்வி மாத்திரம் லயத்துக் காம்பரா தோறும் வந்து நின்றது. கரும்பலகையில் எண்களை எழுதுவது எளிது. அவற்றுள் ஒன்று எமது அப்பாயியின் தங்கை என்று எமக்கு அதுவரை தோன்றியதில்லை.

அக்காளும் தங்கையும் தேர்த் திருவிழாவன்று கிளிச் சோதிடரிடம் போனார்களாம். முதலில் தங்கைக்கு. “போனா நல்லா இருப்பேனா?” என்பது கேள்வி. கிளி எடுத்துக் கொடுத்த உறையைப் பிரித்தால், சுடலையில் கோலூன்றி நிற்கும் அரிச்சந்திரன்; கையில் இறந்த மகனோடு சந்திரமதி. சோதிடர் வாயைத் திறப்பதற்கு முன்னரே தங்கை அழத் தொடங்கிவிட்டாள். கையிலே கைக்குழந்தை, இடுப்பைப் பிடித்தபடி மூத்தது. அரிச்சந்திரன் கதையில் கடைசியில் எல்லாம் திரும்பக் கிடைக்கிறது என்று சோதிடர் சொன்னதை அவள் காதிலே வாங்கவில்லை. அவள் கண்டது அந்தப் படத்தைத்தான்.

“நான்தான் இன்னொரு இருவத்தஞ்சு சதத்த குடுத்து, மறுபடியும் எடுக்கச் சொன்னேன்” என்றார் அப்பாயி.

இரண்டாந் தரம் வந்தது பட்டாபிஷேகம். இராமர், சீதை, குடை, சாமரம், எல்லாம். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாளாம். அந்தச் சிரிப்போடு வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர்கள் இந்தியாவுக்கு எழுதினார்கள். அப்பாயி தமக்குக் கிளியிடம் கேட்கவே இல்லை. மறு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார், வெள்ளை வந்தது. வெள்ளைக்கு என்ன காரணம் என்று அம்மன் சொல்லவில்லை. ஆகவே அவரும் தாத்தாவும் மூன்று நாள் உட்கார்ந்து தாங்களே காரணங்களைத் தேடினார்கள். காய்கறித் தோட்டம் இருக்கிறது, பசு சினையாயிருக்கிறது, மாமனாரால் கப்பலேற இயலாது. தேடிக் கண்ட பின்னர் இங்கேயே இருப்பதென்று எழுதினார்கள்.

1972இல் தங்கை குடும்பம் புறப்பட்டது. அட்டன் ஸ்டேஷனில் ஏறிய அந்த இரயிலை ஊரார் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அப்பாயி தலைமன்னார் வரை கூடப் போனார். துறையில் வெயிலுக்குச் சேலைத் தலைப்பை முக்காடிட்டுக்கொண்டு, பெட்டிகள் நடுவே தங்கை குனிந்து உட்கார்ந்திருந்தாளாம். கப்பல் இராமேஸ்வரம் போயிற்று. கோத்தகிரிப் பக்கத்தில் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து நான்கைந்து கடிதங்கள் வந்தன. அங்கும் கூடைதான், அங்கும் குளிர்தான் என்று. கடைசிக் கடிதத்தில், சின்னப் பிள்ளை காய்ச்சலில் இறந்த செய்தி. அதற்கு அப்பாயி பதில் போடவில்லை. எழுத்துத் தெரியாததனால் அல்ல. எழுதித் தர லயத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். சந்திரமதி மடியில் கிடந்த பிள்ளையின் படம் கண்முன் நின்றதாம். “மொத சீட்டுதான் நெசம். நான் காசு குடுத்து மாத்திப்புட்டேன்” என்றார். 1984இல் கப்பலும் நின்றுபோயிற்று.

நாம் பகுத்தறிவு பேசினோம். கிளிக்கு நெல் தெரியும், தலைவிதி தெரியாது. இரண்டு உறையும் தற்செயல். அந்நாளில் காய்ச்சலில் இங்கேயும் பிள்ளைகள் இறந்தார்கள் என்றோம். எல்லாம் சரியான வாதங்கள். ஐம்பது ஆண்டுப் பாரத்தை அவற்றினால் ஓர் அங்குலமும் அசைக்க முடியவில்லை. மகளோ வாதிக்கவில்லை. பாட்டியின் கதிரை அருகே தரையில் உட்கார்ந்து, சீட்டைத் தானும் உற்றுப் பார்த்தாள். “முக்காடு பெரிசா இருக்குப் பாட்டி. கைப்பிள்ளை உள்ளே மடியிலே இருக்கும். வெயில் படாம மூடியிருக்காங்க” என்றாள்.

அப்பாயி மறுபடியும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “ஆமா” என்றார்.

வாதத்தில் நாம் எந்தப் பக்கம் நின்றோம் என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாளைய காரியத்தைத் தீர்மானிக்கப் படம் ஆகாது என்ற கருத்தை இன்னும் விடவில்லை. தங்கையின் கதையே அதற்குச் சாட்சி. ஆனால் அன்றிரவு மேசைமேல் அந்த வாளும் பூவும் மாத்திரம் இருந்திருப்பின், அப்பாயி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, அடுப்பை அணைக்கப் போயிருப்பார். எழுத்தறியாத ஒருவர் ஐம்பது ஆண்டாய் வாய்விட்டுச் சொல்லாததை வாசித்துக் காட்டுவதற்கு, இலண்டனில் அற்பக் கூலிக்கு ஒருவர் வரைந்த ஓடம் வேண்டியிருந்தது. சரித்திர ஆசிரியரான நாம் அதைக் கேட்டதே இல்லை.

மறுநாட் காலையில் மகள் சீட்டுகளைத் தொடாமல் படிவத்தை நிரப்பினாள். எம்மிடம் காட்டினாள், கையொப்பமிட்டோம். போவதும் இருப்பதும் அவள் பொறுப்பு என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னோம். சொல்லும்போது குரல் அவ்வளவு நன்றாக இல்லை. அவளுடைய கட்டில் இப்போது 77 சீட்டுகளே உள்ளன. மற்றது அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது.

கோத்தகிரிக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்க்கலாமா என்று சென்ற வாரம் அப்பாயி கேட்டார். மகள் பேனாவை எடுத்துக்கொண்டு விலாசம் கேட்டாள். தோட்டத்தின் பெயர் அவருக்கு நினைவில்லை. தங்கையின் பெயரையும், தங்கை கணவரின் பெயரையும், இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சொன்னார். நான்கையும் வரிசையாய் எழுதச் சொன்னார்.